விதைக் குண்டு

எங்கள் ஊருக்கு இப்போது கேம்ப் சந்தி என்றுதான் பெயர். மாத்தளைப் பக்கத்து நாலந்தாவில் இருந்து உள்ளே திரும்பி வர வேண்டும். முன்பு வேறு பெயர் இருந்திருக்கும், அதைக் கேட்டால் சொல்ல ஆளில்லை. உலக யுத்தத்தில் வெள்ளைக்காரன் காட்டை வெட்டி ஓடுபாதை போட்டான். பிறகு எங்கள் யுத்தம் வந்தது, அதற்கும் அந்தப் பாதை உதவியது. இப்போது அங்கிருந்து ஹெலிகொப்டரில் ஏறி வெள்ளைக்காரர்கள் மலை பார்க்கப் போகிறார்கள். காட்டில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவதும் விமானப்படைக் கேம்ப்தான், வெள்ளம் வந்தால் சோற்றுப் பார்சல் போடுவதும் கேம்ப்தான். நல்லது செய்கிறார்கள். நன்றி சொல்லத்தான் எனக்கு வாய் வருவதில்லை.

நான் இங்குள்ள தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கணவர் ஜெயந்தனுக்கு மாத்தளையில் அரசாங்க வேலை. வன்னியில் தனியாகக் கிடந்த என் அக்கா லோஜனாவை இரண்டு வருடத்துக்கு முன்பு கூட்டி வந்து எங்களோடு வைத்துக்கொண்டேன். யுத்தத்தின் கடைசி மாதங்களில் அவள் தன் பிள்ளையைப் பங்கருக்குள் இருத்திவிட்டுக் கஞ்சி வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது பங்கர் இருந்த இடம் குண்டு விழுந்து மண்மேடாகக் கிடந்தது.

வந்த புதிதில் ஹெலிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். நான் விடவில்லை. கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துவந்து, "அக்கா, மேல பார். வெள்ளைக்காரன் மலை பாக்கப் போறான்" என்று காட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தாள். என் நாலு வயது மகன் தனோஜனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனோடு சேர்ந்து டாட்டா காட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாள். அவளைச் சுகப்படுத்திவிட்டேன் என்று எனக்குத் தலைக்கனம்கூட வந்தது.

அப்போதுதான் கேம்ப்பும் பள்ளிக்கூடமும் சேர்ந்து மொட்டை மலையில் மரம் வளர்க்கும் திட்டம் வந்தது. களிமண்ணுக்குள் விதை வைத்து உருட்டி, ஹெலியில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். சிங்களத்தில் அதற்கு 'பீஜ பொம்ப' என்று பெயர். எங்கள் பள்ளிக்கூட அதிபர் லெஸ்லி சேர் அதை அப்படியே தமிழில் 'விதைக் குண்டு' ஆக்கிவிட்டார்.

"சேர், அந்தச் சொல் வேண்டாம். விதை உருண்டை எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

"அட, என்னாங்க டீச்சர்! குண்டுன்னாத்தானே புள்ளைங்களுக்குக் குஷி? வெறும் களிமண்ணு தானே!" என்று சிரித்தார்.

தங்கமான மனுஷன். யுத்தம் எட்டாத தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் விளையாடிய குண்டு கோலிக்குண்டு.

வீட்டுக்கும் ஒரு சாக்குக் களிமண் வந்தது. அக்காவிடம் மரம் நடப் போகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். கொழுக்கட்டை பிடிப்பதுபோல ஆசை ஆசையாக உருட்டினாள். பக்கத்தில் தனோஜனும் உருட்டினான். ஹெலி வருவது வெள்ளிக்கிழமை. அன்று அவளை மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போகும்படி ஜெயந்தனிடம் சொல்லி வைத்திருந்தேன். அந்தச் சத்தமும் அந்தச் சொல்லும் சேர்ந்து அவள் காதில் விழக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மழை என்றார்களாம். கேம்ப் ஒருநாள் முந்திக்கொண்டது. வியாழக்கிழமை நான் வகுப்பில் நிற்கும்போதே லெஸ்லி சேரின் குரல் ஒலிபெருக்கியில் ஊரெல்லாம் கேட்டது.

"ஹெலி கெளம்பிருச்சு! இப்ப குண்டு போடப் போறாங்க! எல்லாரும் வெளிய வாங்க! பயப்படாம வாங்க!"

எழுதிக்கொண்டிருந்த சோக்கட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் வீடு. கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அக்காவும் இல்லை, பிள்ளையும் இல்லை. தலைக்கு மேல் ஹெலி.

பின்வளவில், மிளகுக் கொடிகளுக்கு அப்பால், பிள்ளை அழும் சத்தம் கேட்டது. அங்கே வெள்ளைக்காரன் காலத்துக் கொங்கிறீட் பதுங்குகுழி ஒன்று உண்டு. பாம்பு இருக்கும் என்று நாங்கள் அந்தப் பக்கமே போவதில்லை. குனிந்து பார்த்தேன். உள்ளே சுத்தமாகக் கூட்டியிருந்தது. ஒரு பாய், போத்தல்களில் தண்ணீர், பிஸ்கட், தனோஜனின் சட்டை ஒன்று. டாட்டா காட்டிய காலமெல்லாம் அவள் இதையும் செய்திருக்கிறாள். தலைக்கனம் பிடித்த எனக்குத் தெரியவில்லை.

பிள்ளையின் மேல் கவிழ்ந்து படுத்திருந்தாள்.

"அக்கா, எழும்பு. ஒண்டுமில்லை."

"உள்ளுக்கு வா வாகினி! குண்டு போடுறாங்கள். இந்தமுறை நான் பிள்ளையை விட்டிட்டுப் போகமாட்டன்."

தனோஜன் அவளுக்குக் கீழே இருந்து தலையை நீட்டினான். முன்பள்ளியில் எல்லாம் கேட்டு வைத்திருந்தான். பெரியம்மாவின் அழுகையை நிறுத்த நினைத்தானோ என்னவோ, "பெரியம்மா, அது நம்ம குண்டு. நீங்களும் நானும் உருட்டுனோமே, அதைத்தான் போடுறாங்க" என்றான்.

அக்கா மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். நகத்துக்குள் இன்னும் களிமண் இருந்தது. கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானே உருட்டினனான்?"

"அது விதை, அக்கா. வேப்பம் விதை. நீதானே வச்சனி."

"என்ர கையாலயோ?"

விதை, மரம், மழை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். லெஸ்லி சேரும் வந்து அழாத குறையாகச் சொன்னார். ஒன்றும் அவளுக்குள் போகவில்லை. அன்று பின்னேரம் முழுவதும் கிணற்றடியில் நின்று தேங்காய்த் தும்பால் கையைத் தேய்த்தாள். தோல் உரிந்த பிறகும் தேய்த்தாள்.

மழை பெய்தது. மலையில் முளை வந்திருக்கிறது என்று கேம்ப்பில் இருந்து சொல்லியனுப்பினார்கள்.

ஹெலி போனால் தனோஜன் இப்போதும் முற்றத்துக்கு ஓடுகிறான். இரண்டு கையையும் நீட்டி, "பெரியம்மா, தூக்குங்க" என்று கேட்கிறான். அக்கா தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள்.

"நீ தூக்கு" என்கிறாள்.