வலமாகச் சுற்றிய வாள்

தம்பு ரயில்வே சாமான் கிடங்கில் கணக்கெழுதும் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். பினாங்கில் குடியிருந்த யாழ்ப்பாணத்தார் கண்ணில் அது பெரிய உத்தியோகம். ஆனால் தம்புவுக்குக் கிராணி என்ற சொல் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்தியது. உத்தியோகம் முடிந்ததும் அது தொலையும் என்று நம்பியிருந்தார். அது தொலைவதாயில்லை. முடிவெட்டுகிறவன் தலையைக் கொஞ்சம் சாயுங்கள் கிராணி ஐயா என்றான். ரிக்‌ஷா இழுக்கும் சீனன் தன் பாஷையில் என்னவோ பேசி, நடுவில் கிராணி என்று போட்டான். கோயில் குருக்கள் அவருடைய நட்சத்திரத்தை மறந்தாலும் கிராணியை மறப்பதில்லை.

தம்புவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல்: முதலாளி. நாலு பேர் காதில் விழும்படி யாராவது தன்னை அப்படிக் கூப்பிட வேண்டும். அதற்காகத்தான் ஓய்வுப் பணத்தைக் கொண்டுபோய், சுங்கை பினாங்கு ஆற்றங்கரையில் செத்துக் கிடந்த ஒரு பலகை மில்லை வாங்கினார். மரம் அறுப்பதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று மனைவி செல்வநாயகி கேட்டாள். முதலாளிக்கு அதெல்லாம் தெரிய வேண்டியதில்லை என்றார். அந்தக் கொள்கையை மட்டும் அவர் கடைசிவரை கைவிடவில்லை.

பத்திரத்தில் அது மில். கண்ணுக்குத் தெரிந்தது ஒரு தகரக் கொட்டகையும், துருவேறிய இரும்பு மேசையும், பாதிப் பல் போன வட்டவாளும்தான். ஆனால் கட்டினவனுக்கு மூளை இருந்திருக்கிறது. கொட்டகையின் ஒரு வாசல் ஆற்றைப் பார்த்தது, மறுவாசல் சாலையைப் பார்த்தது. ஆற்றில் தெப்பமாக வரும் கட்டைகளை ஒரு பக்கம் ஏற்றி வாளுக்குக் கொடுத்தால், மறுபக்கம் பலகையாக வெளியே வந்து நேரே மாட்டுவண்டியில் இறங்கும். அப்படிப்பட்ட ஆள் எப்படி நொடித்துப் போனான் என்று தம்பு விசாரிக்கவில்லை.

மில்லுக்கு உயிர் கொடுக்க வந்தவர் அந்தோணிராஜ். துறைமுகத்தில் ஃபிட்டர் வேலை பார்த்து, மேலதிகாரியோடு சண்டை போட்டு வெளியே வந்த வேதக்காரர். தன்னால் ஓட்ட முடியாத இயந்திரத்தைக் கடவுள் இன்னும் படைக்கவில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். ஊர் முழுக்கச் சுற்றி உறுப்பு உறுப்பாகப் பொறுக்கிவந்தார். கொதிகலன் ஒரு பழைய நீராவிப் படகின் வயிற்றிலிருந்து வந்தது. எஞ்சின் பிறை என்ற ஊரில் மூடிப்போன அரிசி மில்லில் கிடந்தது. பெரிய சக்கரம் தைப்பிங் ஈயச் சுரங்கத்தைச் சேர்ந்தது. நல்ல வாள் ஒன்று பாலிக் புலாவ் தோப்பில், ஜாதிக்காய் உலர்த்தும் கொட்டகைக்குப் பின்னால், கோழிக்கூண்டுக்கு மூடியாக இருந்தது. கோழிக்கு ஒரு தகரத்தைக் கொடுத்துவிட்டு வாளைக் கொண்டுவந்தார்.

இவற்றில் ஒன்றும் இன்னொன்றோடு பொருந்தாது. சுரங்கத்துச் சக்கரத்தின் ஓட்டை அரிசி மில் தண்டுக்குப் பெரிது. படகுக் கொதிகலன் மூச்சு வாங்கும்போதெல்லாம் எஞ்சின் கோபித்துக்கொண்டு குதிக்கும். எஞ்சினையும் வாளையும் இணைக்கும் தோல் வார் வழுக்கிக்கொண்டு வெளியே ஓடும், குங்கிலியப் பொடி தூவி அதைத் தாஜா பண்ண வேண்டும். அந்தோணிராஜ் மரத்திலும் இரும்பிலும் ஆப்பு அடித்து அத்தனையையும் குடும்பமாக்கினார். இந்த வேலையை வெள்ளைக்காரன் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவான் என்று, பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். தொப்பி போட்ட ஒருவனும் வரவில்லை.

வேலை முடிந்த அன்று அந்தோணிராஜ் அந்தோணியார் படத்தைக் கொட்டகைச் சுவரில் மாட்டினார். மறுநாள் தம்பு பிள்ளையார் படத்தோடு வந்தார். படத்துக்கு இடம் எங்கே என்று யோசிக்க வேண்டியிருந்தது. அந்தோணியாருக்குப் பக்கத்தில் வைத்தால் யார் பெரியவர் என்ற கேள்வி வரும். ஆகவே வாளுக்கு அந்தப் பக்கச் சுவரில் அந்தோணியாரும், இந்தப் பக்கச் சுவரில் பிள்ளையாரும் எதிரும் புதிருமாக அமர்ந்தார்கள். பிள்ளையாருக்குக் கீழே தம்பு தனக்கென்று ஒரு கைவைத்த நாற்காலி போட்டுக்கொண்டார்.

திறப்பு விழாவுக்கு ரயில்வேக்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். வாசலில் முதலாளி என்ற சொல்லைப் பெரிதாக எழுதிய பெயர்ப்பலகை தொங்கியது, தேங்காய் உடைந்தது, கப்பலிலிருந்து கழற்றிய ஊதல் காது கிழிய ஊதியது. ஆற்றுப் பக்கமிருந்து முதல் கட்டை ஏறியது. வாள் சுழன்று, இரண்டு முறை இருமி, பிறகு வெண்ணெயை அறுக்கிற மாதிரி அறுத்தது. பலகை சாலைப் பக்கம் வந்து விழுந்தபோது கூட்டம் கைதட்டியது. தன் கீழே வேலை பார்த்த ஒருவர் வாயைத் திறப்பதைத் தம்பு பார்த்தார். அந்தச் சொல் இப்போது வரப்போகிறது என்று அவர் உடம்பு புல்லரித்தது. அந்த நேரம் பார்த்து அவர் கண் வாளின்மேல் போனது.

வாள் இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

தம்பு எழுந்தே விட்டார். கோயிலை வலம் வருகிறோம், கர்ப்பூரத் தட்டை வலமாகச் சுற்றுகிறோம், செல்வநாயகி ஆட்டுக்கல்லில் மாவாட்டுவதுகூட வலமாகத்தான். இங்கே பிள்ளையாரின் மூக்குக்கு நேரே, இத்தனை பெரிய இரும்பு, இத்தனை வேகமாக இடஞ்சுற்றுகிறது. கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். எஞ்சின் பெருமூச்சு விட்டு நின்றது, அந்த ரயில்வேக்காரரும் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"வாள் இடமாச் சுத்துது காணும். இதை வலமாத் திருப்பும்," என்றார் தம்பு.

அந்தோணிராஜ் வாளுக்கு அந்தப் பக்கம், தன் அந்தோணியாருக்குக் கீழே நின்றிருந்தார். "இடமா? நல்லாப் பாருங்க கிராணி ஐயா. வலமாத்தான் சுத்துது. வேணும்னா இந்தப் பக்கம் வந்து நின்னு பாருங்க லா."

தம்பு அந்தப் பக்கம் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் காதில் விழுந்தது வேறு. "ஓகோ. உம்மட அந்தோணியாருக்கு வலம், எங்கட பிள்ளையாருக்கு இடமோ?" என்று கேட்டார். கூட்டம் சட்டென்று இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றது. பிள்ளையார் பக்கம் நின்றவர்கள் இடம் என்றார்கள், அந்தோணியார் பக்கம் நின்றவர்கள் வலம் என்றார்கள். எல்லோரும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். பிள்ளையாரை அந்தச் சுவருக்கு மாற்றினால் என்ன என்று செல்வநாயகி மெல்லக் கேட்டாள். முதலில் வந்தவருக்குப் பக்கத்தில் பிள்ளையாரை ஒட்டுக்குடி வைக்கச் சொல்கிறாயா என்று தம்பு அவள்மேல் பாய்ந்தார்.

அந்தோணிராஜாவது புத்தி சொல்லியிருக்கலாம். ஆனால் உம்மால் திருப்ப முடியாதோ என்று தம்பு ஒரு வார்த்தை விட்டுவிட்டார். அதற்குமேல் அந்தோணிராஜுக்குச் சரி தவறு தெரியவில்லை. என்னால் முடியாததா என்று சட்டையைக் கழற்றினார். நேராக ஓடிய வாரை எட்டு மாதிரி குறுக்காக மாட்டினார். வாள் எதிர்ப்பக்கம் சுற்றியது. பிள்ளையாருக்கு வலம் வந்தது, ஆனால் பல்லெல்லாம் பின்புறமாக ஓடியதால் வாள் மரத்தை அறுக்காமல் தேய்த்தது. கொட்டகை முழுக்கப் புகை. விருந்தாளிகள் இருமிக்கொண்டே வடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் அந்தோணிராஜ் வாளையே கழற்றிப் புரட்டி மாட்டினார். இப்போது பல் நேராகிவிட்டது, வாள் அறுத்தது. ஆனால் வலமாகச் சுற்றும் வாளுக்குக் கட்டையை ஆற்றுப் பக்கமிருந்து கொடுக்க முடியாது, கொடுத்தால் தூக்கி ஆள்மேல் எறிந்துவிடும். சாலைப் பக்கமிருந்துதான் கொடுக்க வேண்டும். ஆகவே ஆற்றிலிருந்து ஏற்றிய கட்டையை ஆட்கள் தோளில் சுமந்து, கொட்டகையைச் சுற்றிக்கொண்டு சாலைக்குப் போய், அங்கிருந்து உள்ளே விட்டார்கள். அப்படிச் சுற்றும்போதும் வலமாகவே சுற்ற வேண்டும் என்று தம்பு உத்தரவு போட்டார். மரம் சாமி கும்பிட வருகிறது என்று சாலையில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கிராணி மில் என்ற பெயர் அந்த வாரமே ஊரில் நிலைத்துவிட்டது.

அறுபட்ட பலகை எங்கே போகும்? ஆற்றுக்குத்தான். சரிந்து இறங்கும் கரையில் அதைப் பிடித்து நிறுத்த இடமில்லை. நாலு பலகை வந்தால் ஒன்று வழுக்கித் தண்ணீரில் விழுந்து, ஓதம் இறங்கும்போது நீரோடு கடலைப் பார்த்துப் போய்விடும்.

ஆறு கடலில் சேருமிடத்தில் ஜபருல்லா பட்டறை வைத்திருந்தார். நாகூர்க்காரர், சரக்குத் தோணிகளைப் பழுது பார்க்கிறவர். கேட்காமலே பலகை வந்து தன் வாசலில் ஒதுங்குவதைச் சில நாள் பார்த்துவிட்டு, ஒரு காலையில் மில்லுக்கு வந்தார். வெளியே நின்று பெயர்ப்பலகையைப் படித்தார். உள்ளே நடப்பதைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் முகத்தை எல்லாவற்றையும்விட நன்றாகப் பார்த்தார்.

"முதலாளி," என்றார், கட்டை சுமந்த ஆட்களெல்லாம் கேட்கும்படி. "உங்க பலகை கொஞ்சம் நம்ம பட்டறைப் பக்கம் வந்து ஒதுங்கியிருக்கு. தவறி விழுந்ததா, நீங்களா அனுப்பி வச்சதா?"

தம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த சொல் அது. அதைச் சொன்ன மனிதனிடம் தவறி விழுந்தது என்று எந்த வாயால் சொல்வது? "அனுப்பினதுதான்," என்றார். "எங்கட மில்லிலை பலகை தண்ணியாலைதான் போகும்."

அப்படியானால் விலை பேசிவிடலாமே முதலாளி என்றார் ஜபருல்லா. பேசினார்கள். நனைந்த பலகைக்கு உரிய விலைதான் முதலாளி என்றார், தம்பு தலையசைத்தார். வாரா வாரம் ஜபருல்லா வந்தார். முதலாளி என்ற சொல் கூடக்கூடப் பலகையின் விலை இறங்கியது. அவர் வரும் நாளில் தம்பு சரிகை போட்ட சால்வையோடு உட்கார்ந்திருப்பார். நஷ்டம் போகிறதே என்று செல்வநாயகி சொன்னால், வியாபாரம் பெண்களுக்கு விளங்காது என்பார். உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் அந்தச் சொல்லை இழக்க அவருக்கு மனசில்லை. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் கட்டை வாங்கவும் வழியில்லாமல் போயிற்று. மில்லை வாங்கிக்கொள்ள முன்வந்தவர் ஒரே ஒருவர். கைமாறும் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும்வரை ஜபருல்லா முதலாளி, முதலாளி என்று மரியாதை குறையாமலே பேசினார்.

மில் கைமாறிய அன்று காலை, அந்தோணிராஜ் சீட்டியடித்துக்கொண்டே வாளைப் புரட்டி மாட்டினார், குறுக்கு வாரை நேராக்கினார். ஆற்றிலிருந்து கட்டை ஏறியது, சாலையில் பலகை இறங்கியது. ஜபருல்லா இரண்டு படங்களையும் இருந்த இடத்திலேயே இருக்க விட்டார். அவர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. எழுத்து வேலைக்கு நல்ல ஆள் தேவை என்று தம்புவின் வீட்டுக்கே வந்து கேட்டார். தம்பு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அடுப்படியிலிருந்து செல்வநாயகி ஒரு பார்வை பார்த்தாள், வாயெடுத்தவர் சரி என்று சொல்லிவிட்டார்.

வெளிச்சம் நன்றாக வரும் என்று தம்புவின் மேசையை அந்தப் பக்கச் சுவரோரம், அந்தோணியார் படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஊதல் ஊதியது, வாள் புறப்பட்டது. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனாலும் பார்த்துவிட்டார்.

வாள் வலமாகச் சுற்றியது. தம்பு வாரைப் பார்த்தார். அது நேராகத்தான் ஓடியது, திறப்பு விழா அன்று ஓடிய மாதிரியே. எதிரே பிள்ளையாருக்குக் கீழே, அவருடைய பழைய நாற்காலியில் ஜபருல்லா உட்கார்ந்து, தன் முன்னால் இடமாகச் சுற்றும் வாளைப் பார்த்தபடி சுகமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எண்ணெய்க் குவளையோடு அந்த வழியாக வந்த அந்தோணிராஜ், தம்பு பார்ப்பதைப் பார்த்தார். எதற்கும் ஒரு பேச்சு வைத்திருக்கிற மனிதர், அன்று தலையைக் குனிந்துகொண்டு எஞ்சினுக்கு எண்ணெய் விடப் போனார். 

"கிராணியாரே," என்று எதிர்ப் பக்கமிருந்து ஜபருல்லாவின் குரல் வந்தது, வாளின் இரைச்சலையும் மீறி, எல்லோர் காதிலும் விழும்படி. "வண்டி நிக்குது. பலகையை எண்ணி எழுதிட்டு அனுப்புங்க."

தம்பு பேனாவை மையில் தோய்த்து, முதலில் தேதியைப் போட்டார்.