சக்கரத்துக்கு வைத்த பொட்டு

தாமோதரனுக்கு ஒரு கொள்கை உண்டு. நகல் என்றால் நகல். மூலப் படத்தில் காக்கை இல்லையென்றால், காக்கையே நேரில் வந்து கெஞ்சினாலும் வரைய மாட்டார்.

இந்தப் பிடிவாதத்தைக் கேள்விப்பட்டுத்தான் ஹரிஷ்குமார் அவரைத் தேடி, பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனுக்கு வந்தான். பக்கத்து ராபர்ட்சன்பேட்டையில் தலைமுறை தலைமுறையாகப் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. இப்போது ஹோட்டல் கட்டியிருந்தான். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் தீட்டிய ஓவியத்தின் போட்டோவை நீட்டினான். தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் குழி, அதன்மேல் இரும்புக் கோபுரம், உச்சியில் ஆட்களை இறக்கி ஏற்றும் கயிறு ஓடுகிற பெரிய சக்கரம்.

"அண்ணா, ஆயில் பெயிண்ட்ல கையாலயே போடணும். ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ரிசெப்ஷன்ல இது பாஸ் ஆச்சுன்னா ரூம் ரூமுக்கும் உங்க படந்தான்."

பாஸ் ஆனால் தாமோதரன் பெங்களூர் ரயிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். விடியலில் ஏறி, கூட்டத்தில் நசுங்கி, பேனர் கடையில் நாளெல்லாம் கம்ப்யூட்டரில் யார் யாருடைய மூக்கையோ நேராக்கிவிட்டுத் திரும்பும் பிழைப்பு. கையால் வரையத் தெரிந்தவனுக்கு அதைவிட நரகம் வேறில்லை. அதனால் உயிரைக் கொடுத்து வரைந்தார்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள்தான் படம் முடிந்தது. ஹோட்டல் திறப்போ விஜயதசமிக்கு. ஆயில் பெயிண்ட் அவசரத்துக்குக் காய்கிற ஜாதி இல்லை, விரல் வைத்தால் பிடித்துக்கொள்ளும். பூசையன்று காலையில், "யாரும் தொடாதீங்க" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பூசணிக்காய் வாங்கப் போனார். தொடாதீங்க என்றதற்குப் பதிலாகக் கும்பிடாதீங்க என்று சொல்லியிருக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது வாசலில் செருப்பு விட இடமில்லை. உள்ளே தெருவே கூடியிருந்தது. படத்தின் முன்னால் கற்பூரத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. சக்கரத்தின் நட்டநடுவில், ஈரப் பெயிண்ட்டில் நன்றாக அழுந்தி, சந்தனமும் அதன்மேல் கட்டைவிரல் ரேகையோடு குங்குமமும்.

"அடிப்பாவி! இன்னா பண்ணி வெச்சிருக்க?" என்று மனைவி ரத்தினம்மாவிடம் அலறினார்.

"மிஷினுக்குப் பொட்டு வெச்சேன். மிக்ஸிக்கு வெச்சிட்டு, இம்மாம் பெரிய சக்கரத்த மொட்டையா வுடச் சொல்றீங்களா?"

"அது மிஷின் இல்லடி, படம்!"

"சாமியுந்தான் படத்துல இருக்குது. அதுக்கு தினம் வெக்கறேன், ஒரு நாளாவது கேட்டீங்களா?"

வெளியே கார் சத்தம் கேட்டது. படத்தை எடுத்துப்போக ஹரிஷ்குமாரே வந்துவிட்டான். உள்ளே வந்தவன் கைபேசியிலிருந்த போட்டோவைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். முகம் சுண்டிப்போனது.

"இன்னாண்ணா இது? தொடச்சிடுங்க."

தாமோதரன் துணியை எடுத்தார். கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. ஆயுத பூசையன்று வைத்த பொட்டை அழிப்பதா? அதுவும் பெயிண்ட்டை நம்பிப் பிழைக்கிற கையால்?

"ஆர்டர் உங்களுது சார். நீங்களே தொடச்சிடுங்க."

ஹரிஷ்குமார் துணியை வாங்கினான். வாசலில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தான். அதன் நெற்றியிலும் அவன் அம்மா வைத்த பொட்டு. விடிந்தால் ஹோட்டல் திறப்பு. துணியை டிரைவரிடம் நீட்டினான்.

"எனக்கு இப்பதான் பொண்ணு நிச்சயம் ஆயிருக்குது சார்" என்று டிரைவர் இரண்டடி பின்னால் போனான். துணி அறை முழுக்க ஒரு சுற்று வந்தது. பொரியை வாங்க நீண்ட கைகளில் ஒன்றுகூட அதை வாங்க நீளவில்லை.

சின்னசாமி முன்னால் வந்தார். சுரங்கம் மூடும்வரை அந்தச் சக்கரத்தை ஓட்டிய வைண்டர் டிரைவர் அவர்.

"என் சர்வீஸ்ல யாரும் தொடச்சதில்ல தம்பி. பூசை முடிஞ்சி ஷிஃப்ட் ஆரம்பிச்சா, சக்கரம் சுத்தற சுத்துல அதுவா பறந்துடும்." படத்தைத் திரும்பிப் பார்த்தார். "இது எங்க இனிமே சுத்தப் போவுது?"

சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியையும் அளந்து அளந்து வரைந்த தாமோதரனுக்கு, அது நின்றுபோன சக்கரம் என்பது இப்போதுதான் உறைத்தது.

ஹரிஷ்குமார் துணியைக் கீழே போட்டான். "இருக்கட்டும்ணா. இப்படியே மாட்டிக்கறேன்." படத்தோடு வாசல்வரை போனவன், வியாபாரி அல்லவா, நின்று யோசித்தான். "ரூமுக்குப் போடறதும் எல்லாம் இதே மாதிரி பொட்டோட வரட்டும்."

தாமோதரன் பூரித்துப்போனார். கார் கிளம்பிய பிறகுதான் சிக்கல் புரிந்தது. பொட்டில் பதிந்த அந்தக் கட்டைவிரல் ரேகையை எந்தப் பிரஷ்ஷால் வரைவது? குரலில் சர்க்கரையைக் கலந்துகொண்டு மனைவியிடம் போனார்.

"ரத்தினம், மத்த படத்துக்கும் நீயே பொட்டு வெச்சிடு."

"வெக்கறேன். பூசை போட்டுட்டுதான் வெப்பேன். ஒவ்வொரு படத்துக்கும் பொரி, பழம், கற்பூரம், தெருவுல எல்லாரும் வரணும். சும்மா தடவிட்டுப் போறதுக்கு அது இன்னா உங்க மூஞ்சியா?"

படியிறங்கிக்கொண்டிருந்த சின்னசாமி இதைக் கேட்டு அப்படியே திரும்பினார்.

"தாமு, அடுத்த படம் எப்ப முடியுது? முன்னாடியே சொல்லுப்பா, குளிச்சிட்டு வரணும்."