ஜொம்னேயின் இடுப்பு குறித்த ஐயங்கள்

1

ஜொம்னே தன் ரப்பர் பூட்ஸை நின்றபடியே மாட்டிக்கொண்டாள். இக்கதை அங்கேதான் பிறந்தது. சென்ற சிப்பிப் பருவத்தில் அதை அவளுக்கு மாட்டிவிட இருவர் தேவைப்பட்டோம். ஆகவே நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மாறாக, ஐயுற்றேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: "தென்கடற்கரைத் துறைமுகம் ஒன்றில் சிப்பிகள் முற்றும் காலத்தில்..." (இது கடலைப் பற்றிய கதையன்று. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: "இடுப்பு எனப்படுவது மனித உடலின் மேற்பகுதியையும்..." (இதையும் விட்டுவிட்டேன். அறுபது வயதில் எழுதக் கற்றவள், எதையும் வரையறுத்த பின்பே தொடங்க விரும்புவாள்.)

2

எங்கள் கொட்டகையில் சிப்பி உடைத்துச் சதையெடுப்பவர்கள் விடியுமுன் மேசைக்கு முன் நின்றால், பொழுது சாயும்வரை சற்றே குனிந்தபடி நிற்க வேண்டும். இடுப்புவலி இல்லாத ஒருத்தி அங்கு வந்தால் புதியவள் என்று அறியலாம். ஆயினும் ஜொம்னேயின் வலி வேறு வகையானது, அவளை நிற்கவே விடாதது. பருவம் முடிந்த அன்று கொட்டகை முதலாளி கூ என்பவர் அவளிடம், அடுத்த பருவத்தில் நாள் முழுதும் நிற்க முடிந்தால் வரலாம், இல்லையெனில் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்க நேரும் என்றார். தனியே வாழும் அவளுக்கு அந்த மேசையே பிழைப்பு, அதுவே பேச்சுத்துணை.

அக்கோடையில் சுகாதார நிலையத்தார் வந்தனர். நாள்பட்ட இடுப்புவலிக்கு எவ்வகைப் பயிற்சி சிறந்தது என ஒப்பிட, எங்களை இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழு அலைதடுப்புச் சுவர்மீது நாள்தோறும் நடக்க வேண்டும். மற்றது பாயில் மல்லாந்து, வயிற்றை இறுக்கி, இடுப்பை உயர்த்த வேண்டும். ஒப்பீடு முடியும்வரை ஒரு குழுவின் பயிற்சியை மறு குழு செய்யலாகாது. ஜொம்னே நடைக் குழு. நான் பாய்க் குழு.

3

கோடை முடிந்ததும் நிலையத்துச் செவிலிப்பெண் முடிவை அறிவித்தாள். இரு குழுக்களிலும் வலி குறைந்தது. இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. எல்லோரும் கைதட்டினர். என் வலியோ அவ்வளவாகக் குறையவில்லை. எனவே நான் தட்டவில்லை.

அன்றிலிருந்து ஜொம்னேயைக் கண்காணித்தேன். ("ஜொம்னே தந்திரம் மிக்கவள்" என்று இவ்விடத்தில் எழுதியிருந்தேன். சான்று இல்லாமையால் அடித்துவிட்டேன்.) இடத்தை இழக்கும் அச்சத்தால் வலியை மறைக்கிறாளோ? சந்தையிலிருந்து திரும்பும்போது கேட்டேவிட்டேன்.

"நெசமாவே வலிக்கலையாக்கா?"

"வலிக்குதுன்னு சொன்னா நீ என்னைய முதுகுல தூக்கிட்டுப் போவியா?"

இது விடையன்று என்பதை வாசகர் கவனிக்க.

4

மறுநாள் காரணமின்றி அவள் வீட்டுக்குப் போனேன். (காரணம் இருந்தது: வேவு.) கதவு திறந்திருந்தது. ஜொம்னே தரையில் மல்லாந்து இடுப்பை உயர்த்திக்கொண்டிருந்தாள். எங்கள் பாய்க் குழுவின் மல்சூன், தான் போட்ட கிம்ச்சி ஊறுகாயில் ஒரு கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "வயித்த இறுக்கு, மூச்ச விடு" என்று ஏவிக்கொண்டிருந்தாள்.

ஒப்பீடு முடிந்துவிட்டது, ஆனால் அவள் செய்த விதத்தில் நெடுநாள் பழக்கம் தெரிந்ததால், கோடையில் இருந்த விதியை நினைவூட்டினேன். மல்சூன் எழக்கூட இல்லை.

"கிம்ச்சி போட்டா பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுப்பமா மாட்டமா? நல்லது கெடச்சா தனியா வச்சுத் திங்க முடியுமாடி?"

"பாய்க்காரங்க எல்லாருமே கோடை பூரா வெடியக்காலைல எங்ககூடத்தான் நடந்தாங்க" என்றாள் ஜொம்னே, படுத்தபடியே. "உன்னைய மட்டும் கூப்பிடல. நீ போயி செவிலிகிட்டச் சொல்லிருவ."

ஆக, ஒப்பிடப்பட்டவை இரண்டு பயிற்சிகள் அல்ல.* பாயை மட்டுமே செய்தவள் ஊரில் நான் ஒருத்திதான்.

[* பிறகு குணமாக்கியது எது? நடையா, பாயா, இரண்டுமா, மல்சூனின் வாயா? செவிலிப்பெண் அறியாள். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.]

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் ஜொம்னே எழுந்தபோது ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். முகம் கணநேரம் சுருங்கிற்று. மல்சூன் என்னைத் திட்டிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. அது வலியா, வெறும் முயற்சியா? நெடுநேரம் படுத்திருந்த எவருக்கும் அப்படித்தான் இருக்குமா? இப்பத்தியை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அவள் முகம் வேறாக இருக்கிறது.

5

பருவம் தொடங்குவதற்கு முந்திய மாலை, கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தோம். முதலாளி கூ நேராக என்னிடம் வந்தார். என் மகன் பெயரைச் சொல்லித்தான் அவர் என்னை அழைப்பார்.

"தேசிக் அம்மா, மத்தவங்க ஒருத்தர ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டாங்க. உங்களத்தான் கேக்கணும். ஜொம்னே அக்கா நாள் பூரா நிப்பாங்களா?"

சற்றுத் தள்ளி முதுகைக் காட்டி நின்றிருந்த ஜொம்னேயின் கையிலிருந்த துடைப்பம் நின்றுவிட்டது.

முடிவு (அ): நிற்பாள் என்கிறேன். குளிர் முற்றிய ஒரு நாள் அவள் மேசையடியில் விழுகிறாள்.

முடிவு (ஆ): ஐயம்தான் என்கிறேன். குணமான இடுப்போடு அவள் வீட்டில் உட்கார்ந்தே மீண்டும் நோயாளியாகிறாள்.

முடிவு (இ): நிற்பாள் என்கிறேன், நிற்கிறாள். (மூன்றிலும் நான் மிகுதியாக ஐயுறுவது இதையே. இது நான் விரும்பும் முடிவு.)

முதலாளி காத்திருக்கிறார். நான் வாயைத் திறந்துவிட்டேன். சொல்லை நீங்கள் இடுங்கள், வாசகரே. ஆனால் எதை இட்டாலும், நாளை விடியுமுன் அந்த மேசையில் அவள் இடத்துக்கு அடுத்த இடம் உங்களுடையது.