அறுபத்துமூன்றாம் எபிசோடில் ஓர் இருமல்

யோம் கில்சூ அந்த ஒற்றைச் சொல்லை மூன்று முறை படித்தார். அறுபத்துமூன்றாம் எபிசோடு, பதினான்காம் காட்சி. எலும்பு சூப்புக் கடை முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். மூத்த மகள் உள்ளே வருகிறாள். "வா" என்கிறார். அந்த "வா"வுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தது: இருமுகிறார்.

தினசரித் தொடரில் யாரும் சும்மா இருமுவதில்லை. முப்பத்திரண்டு வருடமாகக் கேமரா முன்னால் நிற்கிறவருக்கு அது தெரியாதா என்ன. டிவியில் இதுவரை பதினோரு முறை செத்திருக்கிறார். ராஜா காலத்துக் கதைகளில் மன்னர் அனுப்பிய விஷக் கிண்ணத்தைக் குடித்து மூன்று முறை, கல்லீரல் கெட்டு இரண்டு முறை, மகளின் கல்யாண மண்டபத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை. நோயில் போனபோதெல்லாம் ஆரம்பம் ஓர் இருமல்தான். ஐந்தாவது வாரம் கைக்குட்டையில் ரத்தம். எட்டாவது வாரம் சாமந்திப் பூக்களுக்கு நடுவே கறுப்பு நாடா கட்டிய படம்.

"யாரோ என்னை அனுப்பப் பாக்கறாங்க," என்றார் மனைவியிடம்.

கியோங்ரே முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். "எங்க அனுப்பறாங்க?"

"மேல."

"நாடகத்துலதானே? போய்ட்டு வாங்க. பன்னெண்டாவது தடவை," என்றாள் அவள், தலை நிமிராமல்.

அவளுக்கு அது விளையாட்டு. அவருக்கு அப்படியில்லை. குன்சான் துறைமுகத்தில் மீன் ஏலம் விட்டவரின் மகன், சியோலுக்கு வந்து ஒரு நாடகக் குழுவின் நிலவறையில் ஆறு பேரோடு திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு நான்கு குளிர்காலம் படுத்துக் கிடந்தவர். எண்பத்தாறில் டிவி நிலையத்தின் நடிகர் தேர்வில் தேறினார். அன்றிலிருந்து கதாநாயகனின் நண்பன், கதாநாயகனின் டிரைவர், கதாநாயகனின் சித்தப்பா. தலை நரைத்த பிறகு அப்பா. தெருவில் பார்க்கிறவர்களுக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது. இந்தத் தொடரில்தான், அறுபத்திரண்டு வயதில், போஸ்டரின் நடுவில் அவர் படம் வந்தது. சந்தையில் காய்கறிக்காரப் பெண்கள் "சூப்புக் கடைக்காரரே, மாப்பிள்ளையை நம்பாதீங்க" என்று கூப்பிட்டு எச்சரித்தார்கள். நூற்றிருபது எபிசோடு என்று பேச்சு. அதில் பாதியில் சாக அவருக்கு இஷ்டமில்லை.

அன்று முதல் எல்லோரையும் கவனிக்க ஆரம்பித்தார்.

கவனித்தால் எல்லாம் கண்ணில் பட்டது. உடை அலங்காரப் பெண் அவருடைய கால்சட்டையை ஒரே மாதத்தில் இரண்டு முறை பிடித்துத் தைத்தாள். "லூசா தெரியுது சார்," என்றாள். நோயாளிபோல மெலிந்து தெரியவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்திருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒப்பனைக்காரி கண்ணாடியில் அவரைப் பார்த்து, "முகம் வெளுத்திருக்கே சார்," என்றுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவள் ஏன் பாதியில் நிறுத்தினாள்? வசனங்களும் சுருங்கின. முன்பெல்லாம் ஒரு பக்கத்துக்கு மகளைத் திட்டுவார். இப்போது "ம்", "சரி", "போ". திட்டுவதெல்லாம் எதிர்க்கடை அரிசிமாவுப் பலகாரக்காரனின் வாய்க்குப் போயிருந்தது.

அந்தப் பலகாரக்காரனாக நடிப்பது தோ மன்ஹோ.

மன்ஹோ அவரைவிட இரண்டு வயது சின்னவன். டிவி நிலையத்திலும் இரண்டு வருடம் ஜூனியர். "அண்ணே" என்றுதான் கூப்பிடுவான். கில்சூவுக்குக் கார் ஓட்டத் தெரியாததால் இல்சான் ஸ்டூடியோவிலிருந்து ஹோங்ஜேயில் இருக்கும் வீடு வரை தினமும் தன் காரில் கூட்டிக்கொண்டு வந்து விடுகிறவனும் அவன்தான். ஒரு காலத்தில் மன்ஹோ நன்றாகக் குடிப்பான். படப்பிடிப்பில் ஒருமுறை தள்ளாடி விழுந்து, மூன்று வருடம் யாரும் அழைக்காமல் வீட்டில் கிடந்தான். பிறகு ஒரேயடியாக விட்டான். இப்போது ஒன்பது வருடம் ஆகிறது.

அக்டோபர் கடைசியில் ஒரு மதியம் கில்சூ உலர் மீன் சூப்பு சாப்பிடப் போனார். கடைக் கண்ணாடிக்குள் மன்ஹோவும் தொடரின் எழுத்தாளர் சோல் மிரானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மன்ஹோ கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்ல, அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கில்சூ கதவைத் திறந்ததும் இருவரும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள்.

"வாங்கண்ணே, உக்காருங்க. ஊறுகா நல்லா இருக்கு," என்றான் மன்ஹோ.

எழுத்தாளருடைய முகத்தில் ஊறுகாயைப் பற்றிப் பேசிய களை இல்லை.

அதே வாரம் வீட்டில் கியோங்ரே தொலைபேசியில் தணிந்த குரலில் பேசுவது காதில் விழுந்தது. "அவருக்குத் தெரியாம பாத்துக்கோ சுனோக்." பாங் சுனோக் தொடரில் அவருடைய மனைவியாக வருகிறவள். டிவி மனைவிக்கும் வீட்டு மனைவிக்கும் அவருக்குத் தெரியாமல் என்ன பேச்சு? கேட்டால், "கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் சொல்லிட்டிருந்தேன்," என்றாள். பொய் சொல்லும்போது கியோங்ரே காது மடலைத் தொடுவாள். தொட்டாள்.

சொந்த வீட்டிலேயே இந்தக் கதி என்றால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியவர் தான் ஒருவரே என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. அந்த நினைப்பில்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

டைரக்டர் நாற்பது வயது ஆள், பதற்றக்காரர். காபி இயந்திரத்தின் அருகே அவரைத் தனியாகப் பிடித்து, கில்சூ பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார். "மன்ஹோ ஒரு பிளாஸ்க் வச்சிட்டுச் சுத்தறான் பாருங்க. பழைய கதை உங்களுக்குத் தெரியும்தானே. நான் ஒண்ணும் சொல்லல. ஒரு தடவை பாத்துக்கோங்க, அவ்வளவுதான்."

டைரக்டர் தனியாகப் பார்ப்பார் என்று நினைத்திருந்தார். அவரோ மறுநாள் காலை, விளக்குக்காரர்களும் துணை நடிகர்களுமாக முப்பது பேர் நிற்கும்போது, மன்ஹோவின் நாற்காலியிலிருந்து பிளாஸ்க்கை எடுத்துத் திறந்து மோந்து பார்த்தார். ஒரு வாய் ஊற்றிக் குடித்தும் பார்த்தார். பார்லித் தண்ணீர்.

"என்ன டைரக்டர், தாகமா?" என்றான் மன்ஹோ.

"இல்ல சார்... யோம் சார்தான் ஒரு வார்த்தை..." என்று டைரக்டர் இழுத்தார்.

மன்ஹோ கில்சூவைத் திரும்பிப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் தேவலை. அவன் பிளாஸ்க்கை வாங்கி மூடியை மெதுவாகத் திருகி, "இன்னொரு கப் வேணும்னா கேளுங்க, நிறைய இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் நின்றான். அன்று மாலை கார் நிறுத்துமிடத்தில் அவனுடைய கார் இல்லை. கில்சூ மெட்ரோவில் வீட்டுக்குப் போனார். மாடிப்படி ஏறும்போது இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். கோபத்தில் மூச்சு இரைக்கிறது என்று நினைத்தார்.

அடுத்த கட்டு வசனம் வந்தது. மூன்று காட்சிகளில் மூன்று இருமல். அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை. நேராக எழுத்தாளரின் அறைக்கே போனார். சோல் மிரான் குளிக்காத தலையும் கம்பளிச் சட்டையுமாகக் கதவைத் திறந்தாள்.

"மேடம், நேரா கேக்கறேன். என்னை எந்த எபிசோடுல கொல்றீங்க?"

அவள் அவரை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். "உங்களைக் கொல்லணும்னா எனக்கு எதுக்கு சார் இருமல்? ரோட்டைக் கிராஸ் பண்ண விட்டு ஒரு லாரியை அனுப்பியிருப்பேன். ஒரே சீன்ல வேலை முடிஞ்சிரும்."

"அப்ப இது என்ன?" என்று வசனக் கட்டை நீட்டினார்.

"நீங்க இருமறீங்க சார்."

"எழுதினதாலதான் இருமறேன்."

"இல்ல. நீங்க இருமறதாலதான் எழுதினேன்." அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஆகஸ்ட்ல இருந்து. ஒலிப்பதிவுக்காரரு தினமும் எனக்குப் போன் பண்ணிப் புலம்பறாரு. அம்பத்தெட்டாவது எபிசோடுல ஒரு சீனை ஒம்போது தடவை எடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? ஒம்போதுலயும் இருமல். வெட்டி எடுக்க முடியல. சரி, கதையிலயே இருமட்டும்னு போட்டுட்டேன். பாக்கறவங்களுக்கு உறுத்தாதில்ல."

"என் வசனத்தை எல்லாம் மன்ஹோவுக்கு..."

"அவருதான் வந்து கேட்டாரு. அன்னிக்கு மீன் சூப்புக் கடையில. 'அண்ணனால நீளமா மூச்சுப் பிடிக்க முடியல, மேலிடத்துக்குத் தெரிஞ்சா ஆளை மாத்திருவாங்க, பெரிய வசனமெல்லாம் என் தலையில கட்டுங்க, அவரு ம்-னு சொன்னா போதும்'னாரு." அவள் கையைப் பிசைந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா சார்?"

கில்சூ அதையும் நம்பவில்லை. லிப்டில் இறங்கும்போது, இவள் எழுதிப் பிழைக்கிறவள், நின்ற இடத்தில் ஒரு கதை கட்டத் தெரியாதா என்றுதான் மனம் ஓடியது. ஆனால் லிப்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. கீழே வந்து சேருவதற்குள் நான்கு முறை இருமினார். எந்த வசனத்திலும் எழுதாத இருமல். லிப்டின் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகும்போல இருந்தது.

மறுநாள் கியோங்ரேயோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. இளவயது டாக்டர் கணினியைத் திருப்பிக் காட்டினார். வலது நுரையீரலின் மேல் பகுதியில் வெள்ளையாகப் புகைபோல ஏதோ. புற்றுநோய் என்று சொல்லப்போகிறார் என்று இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"டிபி," என்றார் டாக்டர். "ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டா குணமாயிரும்."

"டிபியா? இந்தக் காலத்துலயா?" என்றாள் கியோங்ரே.

சின்ன வயதில் நெரிசலான, ஈரமான இடத்தில் இருந்திருக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். எப்போதோ பிடித்து உள்ளேயே தூங்கியிருக்கும், வயதானதும் விழித்துக்கொண்டது என்றார். நாடகக் குழுவின் நிலவறையில் எப்போதும் இருமிக்கொண்டே கிடந்த, ராஜா வேடம் போடும் ஒருவர் கில்சூவின் நினைவுக்கு வந்தார். பெயர் வரவில்லை.

வெளியே வந்ததும் கியோங்ரே காது மடலைத் தொடாமல் சொன்னாள். "சுனோக்கிட்ட நான்தான் பேசினேன். செட்டுல எப்படி இருக்கீங்கன்னு கேக்க. ஆஸ்பத்திரின்னா உடனே என்மேலயே பாயறீங்க. வேற என்ன செய்ய?"



மாவட்ட சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். கடந்த மூன்று மாதத்தில் மூடின இடத்தில் அவரோடு அதிக நேரம் இருந்தவர்கள் யார் யார், பெயர் சொல்லவேண்டும் என்றாள். மனைவி என்றார். பாங் சுனோக் என்றார். டைரக்டர், உடை, ஒப்பனை.

"வேற யாராவது இருக்காங்களா ஐயா?"

"தோ மன்ஹோ. கார்ல. தினமும் நாப்பது நிமிஷம்."

"கண்ணாடி திறந்திருக்குமா?"

"இல்லம்மா. எனக்குக் குளிரும்னு மூடித்தான் வைப்பான்."

செட்டில் நாற்பத்தொரு பேருக்குப் பரிசோதனை நடந்தது. தனக்கு யார் கெடுதல் செய்கிறார்கள் என்று இரண்டு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர், அத்தனை பேரின் முகத்திலும் தினமும் தானே இருமிக்கொண்டிருந்தார். வீட்டில் தனி அறையில் இரண்டு வாரம் அதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தார். தொடரில் சூப்புக் கடை முதலாளி நல்ல மாட்டெலும்பு தேடிக் கங்வோன் மலைப்பக்கம் போயிருப்பதாகச் சொன்னார்கள். சோல் மிரான் லாரியை அனுப்பவில்லை.

பரிசோதனையில் இரண்டு பேருக்கு உள்ளே கிருமி தூங்குவது தெரிந்தது. நோய் இல்லை, பரவாது, ஆனால் மூன்று மாதம் மாத்திரை எடுக்கவேண்டும். ஒருத்தி ஒப்பனைக்காரி. இன்னொருவன் மன்ஹோ.

பதினோராம் நாள் மன்ஹோ கூப்பிட்டான். நலம் விசாரிக்கவில்லை.

"ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகுது. உங்களுக்கும் அப்படித்தானா?"

"அப்படித்தான். மாத்திரையால. பயப்படாத."

"பயப்படல. சரிபாக்கறேன். மூணு மாசம் குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்றாரு. ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லவா? டைரக்டர்கிட்ட குடுத்துருங்க."

"மன்ஹோ..."

"வச்சிடறேன்."

டிசம்பர் நடுவில் கில்சூ ஸ்டூடியோவுக்குத் திரும்பினார். சளியில் கிருமி இல்லை என்ற சான்றிதழ் சட்டைப் பையில் இருந்தது. யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். ஆனாலும் துணை நடிகர்கள் ஓரடி தள்ளியே நின்றதை அவர் பார்த்தார், பார்க்காததுபோல இருந்தார். முதல் காட்சி கடைக்குள். விளக்குகள் போட்டாகிவிட்டது. அவர் கல்லாவில் உட்காராமல் நடுவில் வந்து நின்றார்.

"அன்னிக்கு மன்ஹோவோட பிளாஸ்க்கைப் பத்தி டைரக்டர்கிட்ட சொன்னது நான். எந்த ஆதாரமும் இல்லாம சொன்னேன். எனக்கு அவன்மேல சந்தேகம். அது என் புத்தி. அவன் ஒரு தப்பும் செய்யல." மன்ஹோவின் பக்கம் திரும்பி இடுப்பு வளைத்துக் குனிந்தார். அந்த வயதில் ஜூனியருக்கு யாரும் அப்படிக் குனிவதில்லை. சுனோக் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மன்ஹோ பலகாரத் தட்டைக் கையில் வைத்தபடி நின்றான். "சூப்பு ஆறுது. ஆவி வராது. எடுப்போம் டைரக்டர்," என்றான்.

காட்சி ஒரே தடவையில் முடிந்தது. கில்சூ ஒரு பக்க வசனத்தை நிறுத்தாமல் பேசினார்.

தொடர் நூற்றிருபதில் நல்லபடியாக முடிந்தது. சூப்புக் கடை முதலாளி சாகவில்லை. கடைசி வரை கில்சூ மெட்ரோவில்தான் வந்து போனார். மன்ஹோ வா என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மார்ச்சில் சுனோக் சொல்லித்தான் தெரிந்தது, மன்ஹோவுக்கு ஒரு பெரிய சினிமாவில் நல்ல வேடம் கிடைத்திருக்கிறதாம். கேட்டவுடன் கில்சூவின் மனம் பழையபடியே கிளம்பியது. யார் சிபாரிசு? என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஒருவேளை முதலில் என்னைக் கேட்டு, இவன் நடுவில் புகுந்து... அவர் எழுந்து போய் முகம் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டு, கண்ணாடி போடாமலே தட்டுத் தடுமாறி ஒரு செய்தி அனுப்பினார். வாழ்த்துகள், நல்லா செய்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலையில் வந்தது.

"மாத்திரை முடிஞ்சுதா அண்ணே?"

"இன்னும் ரெண்டு மாசம்," என்று அனுப்பினார். அதற்குப் பதில் வரவில்லை. கியோங்ரே தண்ணீர்க் கோப்பையோடு வந்து நின்றாள். அவர் அன்றைய மாத்திரைகளை எடுத்து ஒவ்வொன்றாக விழுங்கினார்.