நாற்பது நாள் கேரட்

தயாளனுக்குக் கண் மங்குகிறது என்பதை அவன் மனைவி செல்வமேரி மாதா கோயிலில் வைத்துத்தான் கண்டுபிடித்தாள். பலகையில் போட்டிருந்தது எண்பத்து மூன்றாம் பாட்டு. அவன் முப்பத்து மூன்றாம் பாட்டை ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி எடுத்துவிட்டான்.

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் வருஷம். தாம்பரத்திலிருந்து படப்பைக்குப் போகும் ஒரு கம்பெனி பஸ்ஸுக்கு அவன் டிரைவர். ஈஸ்டர் முடிந்த மறுவாரம் டிரைவர்களுக்கெல்லாம் கண் பரிசோதனை. தேறாதவன் கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக உட்கார வேண்டியதுதான். ஸ்டியரிங்கைப் பிடுங்கினால் அந்த மனுஷன் பாதி உயிராகிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கண்ணைக் காட்டுங்கள் என்று யார் சொல்வது? "எனக்கு இன்னா கேடு? பெருங்களத்தூர்ல கீற கொக்கு பல்லாவரத்துலருந்து தெரியும் எனக்கு" என்று எகிறுவான்.

அந்த வாரம் பங்குக் கோயில் மருந்தகத்து சிஸ்டர் அமலராணி பெண்களைக் கூட்டிப் படம் காட்டினார். ஏ வைட்டமின் இல்லாவிட்டால் பார்வை கெடும். கேரட், பப்பாளி, கீரை எல்லாம் கண்ணுக்கு நல்லது. செல்வமேரிக்கு இது போதும். இரும்புச் சத்து என்று சிஸ்டர் அடுத்த படத்தை விரிக்கும்போதே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு!

தயாளனோ கேரட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன். அதற்கும் வழி வந்தது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் பிறந்தது. நாற்பது நாளும் கறி, மீன் கிடையாது என்பது அந்த வீட்டு வழக்கம். அதில் அவள் சத்தமில்லாமல் ஒரு கட்டளையைச் சேர்த்தாள்.

"பிடிச்சத வுடுறது இன்னா பெரிசு? பிடிக்காதத தின்னணும். அதாங்க தவம்."

சாமி சமாச்சாரம் என்றதும் மனுஷன் தட்டை நீட்டிவிட்டான்.

அப்புறம் கேட்க வேண்டுமா? காலையில் கேரட் தோசை, மத்தியானம் டிபன் கேரியரில் கேரட் பொரியல், ராத்திரி கேரட் கூட்டு, நடுவில் பப்பாளி. வெள்ளிக்கிழமை தோறும் பல்லாவரம் சந்தையில் மூன்று கிலோ. அதைச் சுமந்துகொண்டு ரயில்வே பாலத்தின் படியேறுவதற்குள் அவளுக்கு மூச்சு முட்டியது, கண் இருட்டியது. பை கனம் என்று கேரட்டைத் திட்டினாள். அவளுடைய சாப்பாடு எல்லாம் அவன் சாப்பிட்ட பிறகு மிச்சச் சோறும் ஊறுகாயும், மேலே ஒரு டீயும்தான். கேரட்டில் ஒரு துண்டுகூட அவள் வாயில் போடவில்லை. போட்டால் அவன் கண்ணுக்குக் குறைந்துவிடுமாம்!

பரிசோதனை நாளன்று காய் வாங்கப் போகிற சாக்கில் அவளும் கூடவே போய், கம்பெனி டாக்டர் பக்தவச்சலத்தின் அறை வாசலில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டுவதற்கு முன்னால் தயாளனின் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். மஞ்சள். மூக்கு நுனியும் மஞ்சள்.

குடிப்பாயா என்று கேட்டார். தயாளன் மாதா மேல் சத்தியம் பண்ணினான். குடிக்கிறவன் எல்லாம் அப்படித்தான் சத்தியம் பண்ணுவான் என்றவர், இது காமாலை, இனி பஸ்ஸைத் தொடக்கூடாது என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

வெளியே செல்வமேரி அதைக் கேட்டதும் எழுந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "எழுதாதீங்க டாக்டர். அவரு மேல தப்பு இல்ல. நான்தான் நாப்பது நாளா கேரட்டா போட்டுக் கொன்னுட்டேன்." சிஸ்டர் காட்டிய படம், சந்தை, தவம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். தயாளன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

டாக்டர் அவன் இமையை விலக்கிப் பார்த்தார். காமாலை என்றால் வெள்ளை விழி மஞ்சளாகியிருக்கும். அது வெள்ளையாகவே இருந்தது. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கேரட்டைக் குறைத்தால் இந்த நிறம் தானாகப் போய்விடும், தூரத்தில் மங்கலாகத் தெரிகிற கண்ணுக்கு வண்டி வண்டியாகக் கேரட் தின்றாலும் பிரயோஜனமில்லை, கண்ணாடிதான் வேண்டும் என்றார். ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டதும் தயாளன் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

செல்வமேரிக்குப் போன உயிர் வந்தது. வந்த வேகத்தில் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டவளின் கீழிமையை டாக்டர் இழுத்துப் பார்த்தார்.

"இவருக்கு வெள்ளையா இருக்க வேண்டியது வெள்ளையாத்தான் இருக்கு. உனக்குச் சிவப்பா இருக்க வேண்டியது வெள்ளையா இருக்கேம்மா. உடம்புல இரும்புச் சத்தே இல்ல."

சிஸ்டரின் அடுத்த படம்! மூன்று மாசத்துக்கு மாத்திரை, முருங்கைக்கீரை, கேழ்வரகு, வாரம் ஒரு நாள் ஆட்டு ஈரல், சாப்பாட்டோடு டீ கூடாது என்று டாக்டர் எழுதினார். ஈரல் என்றதுமே அவளுக்குக் குமட்டியது. சின்ன வயசிலிருந்து அந்த வாடையே ஆகாது. தவக்காலம் என்று தப்பிக்கவும் வழியில்லை, ஈஸ்டர்தான் முடிந்துவிட்டதே.

வழியெல்லாம் தயாளன் அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தான். ஏமாற்றியதற்குக் கோபம் போல என்று அவள் பயந்தாள். அவன் கறிக்கடையில் நின்று ஈரல் வாங்கினான். வீட்டில் அவனே மிளகு போட்டு வறுத்தான். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் தட்டு அவன் தட்டுக்கு முன்னால் வந்தது. செல்வமேரி மூக்கைப் பொத்திக்கொண்டாள். முதலில் நீங்கள் சாப்பிடுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

தயாளன் தட்டை அவள் பக்கம் இன்னும் நகர்த்தினான். ஒரு துண்டை எடுத்து அவள் வாய்க்கு நேராக நீட்டினான்.

"இனிமே மிச்சம் கிச்சம்லாம் இல்லடி. பிடிக்காதத தின்னா அதான் தவமாம். வாயத் தொற."