அடிக்காத ஹாரன்

நாகராசு லாரியை மூன்று முறை சுற்றி வந்துவிட்டான். கதவுக்குப் புதுப் பச்சை வர்ணம் அடித்திருந்தார்கள். கண்ணாடியும் புதுசு. போன ஐப்பசி மழையில் கண்மாய்க் கரை சரிந்து குடைசாய்ந்து கிடந்த வண்டி இதுதான் என்று அடித்துச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். உள்ளே எட்டிப் பார்த்தான். ஹாரனின் ரப்பர் பந்து மட்டும் பழசு. மச்சான் ஆத்மநாதனின் கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் வழுவழுவென்று ஆகியிருந்தது.

"வர்ணம் பாக்கவாப்பா ஒன்னைய அறந்தாங்கிக்கு வரச் சொன்னேன்?" என்றார் முதலாளி. "வாரியா, வேற ஆளப் பாக்கவா? ஒனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவன் எடம், ஒனக்குத்தான்னு வச்சிருக்கேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். நாகராசு பச்சைக் கதவை மெல்லச் சாத்தினான்.

"நாளைக்குச் சொல்றேன் மொதலாளி."

புதுப் பைசா வந்த வருஷம் அது. நாகராசு அன்னவாசலில் ஒரு அரிசி மில்லில் மாற்று டிரைவராக இருந்தான். அங்கே நிரந்தர டிரைவருக்குக் காய்ச்சல் வந்தால் இவன் வீட்டில் உலை கொதிக்கும். அடுத்தவன் காய்ச்சலுக்குக் காத்திருப்பது என்ன பிழைப்போ! மச்சான் போனபிறகு, அடுத்த தெருவிலிருந்த அக்கா செங்கமலமும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் இவன் வீட்டோடு வந்துவிட்டார்கள். புது வேலையில் மாதச் சம்பளம், படி, தீபாவளிக்கு வேட்டி சேலை எல்லாம் உண்டு. கடற்கரையிலிருந்து உப்பு ஏற்றி மணப்பாறைக்குப் போகவேண்டும். குடுமியான்மலை பக்கம் அவன் ஊர் வழியாகத்தான் பாதை. இராத்திரி வீட்டில் படுத்து எழுந்து போகலாம். இத்தனையும் ஒரு தட்டில். மறு தட்டில் மச்சான் உட்கார்ந்த சீட் மட்டும்தான். அதுதான் கீழே இழுத்தது.

"அண்ணன் உசுரு போன எடத்துல நீங்க ஒக்காரணுமா?" என்றாள் அவன் மனைவி மருதாயி. "இருக்கறத விட்டுட்டுப் பறக்கறதப் புடிக்கப் போகாதீங்க."

"இருக்கறதுன்னு என்னாடி இருக்கு?"

அவள் கஞ்சிப் பானைக்குள் பார்த்துவிட்டு மூடியைப் போட்டாள்.

அவனுக்குச் சீட்டைவிட அக்காவை நினைத்துத்தான் பயம். ஆத்மநாதன் லோடு ஏற்றி வரும்போது புளியமரத்துத் திருப்பத்தில் ஹாரனை இரண்டு தரம் விட்டு விட்டு, மூன்றாவது தரம் நீளமாக அமுக்குவான். அது கேட்டதும் செங்கமலம் கொல்லையில் நொச்சி இலையைப் பறித்துத் தண்ணீரில் போட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். வண்டி ஓட்டி வந்த உடம்பு வலிக்கு அந்த வெந்நீர்தான் மருந்து. "அந்தா, புருசன் ஊதிட்டான், அடுப்புப் பத்தப்போகுது" என்று தெருவே கேலி செய்யும்.

சோளம் புடைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் விஷயத்தைச் சொன்னான். முறம் நின்றது.

"எவனோ ஒருத்தன் அத நம்ம ஊரு வழியா ஓட்டத்தான போறான்? அதுக்கு நீயே ஓட்டு," என்றாள். பிறகு, "ஒண்ணே ஒண்ணுடா. புளியமரத்துக்கிட்ட ஹாரன் மட்டும் அடிக்காத. புள்ளைங்க அப்பான்னு ஓடியாந்துருங்க."

சரி என்று தலையாட்டினான். வேலையை ஒப்புக்கொண்டுவிட்டான்.

முதல் லோடு உப்போடு அவன் திருப்பத்துக்கு வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கை தானாக ரப்பர் பந்துக்குப் போனது. சுட்டதுபோல் இழுத்துக்கொண்டான். திருடன் மாதிரி வண்டியை மெல்ல உருட்டி வந்து வாசலில் நிறுத்தினான். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்து, "மாமா, உப்புக்கல்லு குடு மாமா!" என்று ஓடிவந்தன. அப்பா என்று ஒரு வார்த்தை இல்லை. அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆளுக்கு ஒரு கல்லைக் கொடுத்துவிட்டுக் கை கால் கழுவக் கொல்லைக்குப் போனான்.

அங்கே நொச்சி வாசனை வந்தது.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பானைத் தண்ணீரில் இலைகள் சுற்றிச் சுற்றி வந்தன. அக்கா அவனுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள்.

"நான் ஹாரன் அடிக்கலையேக்கா."

"இஞ்சின் சத்தம் வந்துச்சு," என்றாள். திரும்பவில்லை. "கையி தானா எலையப் பறிச்சுப் போட்டுருச்சுடா."

நாளைக்கும் இந்த லாரி இந்த வழியாகத்தான் வரும். எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தவன் இதை மட்டும் தட்டில் வைக்காமல் விட்டுவிட்டான்.

"ஆறறதுக்குள்ள குளி," என்று வாளியில் கொஞ்சம் ஊற்றி விளாவி வைத்தாள்.

செம்பில் மொண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றான். மேலே ஊற்றிக்கொள்ள முடியவில்லை. பானையில் மிச்சத் தண்ணீர் கொதித்துத் தளும்பிய பிறகும் அவள் அடுப்புக்குள் சுள்ளியைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.