பூஜ்யம் அனுப்ப வேண்டாம்

கொளஞ்சியப்பனின் பருத்தி அரவை மில் ஓடி நாலு வருஷம் ஆகிறது. ஊரே பருத்தியை விட்டுவிட்டுக் கரும்பு போட்டு மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் மில் கணக்குப்பிள்ளை சுப்புராயனுக்கு வேலை இருந்தது. எல்லாம் அரசாங்கத்தின் புண்ணியம். எவ்வளவு பருத்தி வந்தது, எவ்வளவு பஞ்சு, கொட்டை, கழிவு ஆனது என்று திங்கட்கிழமைதோறும் அறிக்கை போக வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் பூஜ்யம் என்றாவது எழுத வேண்டும்; தவறினால் லைசென்ஸ் போய்விடும். நான்கு பூஜ்யங்களையும் கோலப்புள்ளி மாதிரி அழகாக வைத்து, மூன்று பிரதி எடுத்துத் தபாலில் சேர்ப்பார் சுப்புராயன். ஒரு வாரம் பிந்தியதில்லை. அதில் மனிதருக்குக் கர்வம் வேறு.

தை மாதம், அறிக்கை போகும் அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இனி பூஜ்ய அறிக்கை வேண்டாம். அரவை நடந்த வாரத்துக்கு மட்டும் அனுப்பினால் போதும்.

கொளஞ்சியப்பன் அதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அப்ப உனக்கு இங்க இன்னாய்யா வேல?"

சுப்புராயன் கடிதத்தை மடித்து வைத்தார். ஐம்பத்திரண்டு வயதில் எவன் கூப்பிட்டு வேலை தருவான்? பொய்க் கணக்கு எழுதலாம் என்றால் அதற்கும் கை வராது. பாழாய்ப்போன நேர்மை.

மில் பெருக்கும் பச்சையம்மாள்தான் வழி சொன்னாள். "இன்னாத்துக்கு இப்டி குந்திக்கினு கீறீங்க? பின்னால வந்து பாருங்க. செதறுன கொட்ட மொளச்சி பதினோரு செடி நிக்குது. காயெல்லாம் வெடிச்சிக்கினு கீது."

அந்த வாரம் ஒரு கிலோ பருத்தி தேறியது. பச்சையம்மாள் விரலாலேயே கொட்டை பிரித்தாள். சுப்புராயன் தராசில் நிறுத்து எழுதினார்: பஞ்சு 330 கிராம், கொட்டை 650, கழிவு 20. நாலு வருஷத்துக்குப் பிறகு பூஜ்யமில்லாத அறிக்கை. எழுதி முடித்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாவது அறிக்கை போன கையோடு, உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் மில் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார்.

"ஒரு கிலோ பருத்திக்கு எந்த மிஷினுங்க ஓடும்?"

சுப்புராயன் அவரைப் பின்பக்கம் கூட்டிப்போய்ச் செடிகளைக் காட்டினார். பச்சையம்மாள் தன் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

போச்சு, லைசென்ஸும் போச்சு, வேலையும் போச்சு என்று சுப்புராயன் தலையைக் குனிந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் கவிழ்ந்து கிடந்த கூடையின் மேல் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தார்.

"என் சரகத்துல ஒம்பது மில்லுங்க. மத்த எட்டும் நின்னுபோச்சி. பூஜ்யமாவது வந்துக்கினு இருந்திச்சி, இப்ப அதுவும் இல்ல. உனக்கு அங்க இன்னா வேலன்னு மேல கேக்குறாங்க."

சொல்லிவிட்டுச் செடிகளைப் பார்த்தார். ஓரத்துச் செடி இரண்டு வாடியிருந்தன.

"தண்ணி ஊத்துறதில்லீங்களா?" என்று கேட்டபடி சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்தார்.